கூரைமேல் கூடாரம்: கெட்டி ஓட்டுக் கூடாரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஆஸ்திரேலியாவின் உட்பிரதேசங்களில் சொந்த வாகனத்தில் நாட்கணக்காகப் பிரயாணம் செய்து, பொழுது சாயும் இடத்தில் தங்கி, விடிந்ததும் மீண்டும் புறப்படுகிறவர்களிடையே, தரையில் கூடாரம் அடிப்பதற்குப் பதிலாக வாகனத்தின் கூரைமேலேயே படுக்கையை அமைத்துக்கொள்ளும் வழக்கம் நன்றாக வேரூன்றிவிட்டது. இது புதிய யுக்தியன்று. இத்தாலியில் 1958-ஆம் ஆண்டிலேயே 'ஏர் காம்பிங்' என்னும் கூரைக் கூடாரம் விற்பனைக்கு வந்தது. அதன் வழியில் பின்னர் தோன்றிய 'மாஜ்ஜொலினா', துணியை மடித்து உறையிட்டு மூடுவதை விடுத்து, ஃபைபர் கிளாஸில் வார்த்த இரண்டு ஓடுகளுக்கிடையே கூடாரம் முழுவதையும் அடக்கி, ஒரு கைப்பிடியைச் சுழற்றிய மாத்திரத்தில் மேல் ஓடு நேராக உயரும்படி அமைந்தது. தென்னாப்பிரிக்கா, போர்ச்சுகல், கொரியா முதலிய தேசங்களின் நிறுவனங்கள் இன்று விற்கும் கெட்டி ஓட்டுக் கூடாரங்கள் பலவும் அந்த எண்ணத்தின் வழித்தோன்றல்களே.

துணி உறையிட்ட கூடாரத்துக்கும் கெட்டி ஓட்டுக் கூடாரத்துக்கும் உள்ள பிரதான பேதம் அவகாசத்தைப் பற்றியது. முன்னதில் உறையை அவிழ்க்க வேண்டும், மடிப்பை இழுத்து விரிக்க வேண்டும், கம்பிகளைப் பொருத்த வேண்டும். காலையில் இவை யாவற்றையும் தலைகீழ் வரிசையில் செய்து, கடைசியில் புழுதி படிந்த உறையோடு மல்லாட வேண்டும். பின்னதில் இரண்டு தாழ்களை விடுவித்து ஓட்டை மேலே தள்ளினால் இரண்டொரு நிமிஷத்தில் படுக்கை தயார். போர்வையும் தலையணையும் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். ஆகவே, மாரீ என்னும் சிற்றூரிலிருந்து மார்லா வரையில் 620 கிலோமீட்டருக்குச் சற்றொப்ப நீளும் ஊட்னடாட்டா மண்பாதையிலோ, மேற்கே டர்பியிலிருந்து குனுனுரா பக்கமாகச் செல்லும் கிப் ரிவர் ரோட்டிலோ, ஒவ்வோர் இரவும் வெவ்வேறிடத்தில் தங்கிச் செல்வோருக்கு இதன் பயன் பெரிது. ஓரிடத்தில் ஒரு வாரம் தங்கி, அங்கிருந்து தினந்தோறும் அருவிக்கும் மலைக்கும் வாகனத்தில் போய்வர விரும்புகிறவருக்கோ இது உபத்திரவமாகவே முடியும். ஏனெனில் வாகனம் நகர வேண்டுமானால் வீடே மூடப்பட வேண்டும். கடைக்குப் போவதற்கு முன்பே உங்கள் பிரயாணம் இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகையானால், தரையில் அடிக்கும் நல்லதொரு கான்வாஸ் கூடாரமே போதும், செலவும் குறைவு.

வாங்குவதென்று தீர்மானித்தவர்களில் பெரும்பாலோர் கூடாரத்தின் அழகிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டிய இடம் வாகனத்தின் கையேடு. எட்டு மணி நேரத் தூக்கத்துக்கான சௌகரியத்தை மற்றப் பதினாறு மணி நேரமும் வாகனம் தன் தலைமேல் சுமக்கிறது. அந்தச் சுமையை அது தாங்குமா என்பதே முதற்கேள்வி. வாகனம் ஓடும்போது கூரைமேல் எவ்வளவு எடை இருக்கலாம் என்பதை ஒவ்வொரு உற்பத்தியாளரும் குறித்திருப்பர். நடுத்தர வாகனங்கள் பலவற்றுக்கு அது 75 கிலோகிராமை ஒட்டியும், பெரியவற்றுக்கு 100 கிலோகிராமும் அதற்கு மேலுமாகவும் இருக்கும். மலைப்பாதைகளுக்கென்றே பிறந்தது போலத் தோன்றும் சுஸுகி ஜிம்னியின் இன்றைய வடிவத்துக்கோ 30 கிலோகிராம்தான்! கெட்டி ஓட்டுக் கூடாரங்களின் எடை சாதாரணமாக 55 கிலோகிராமிலிருந்து 90 கிலோகிராம் வரையில் இருக்கிறது. தோற்றத்தைக் கொண்டு வாகனத்தின் வலிமையை மதிப்பிடலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

அந்த அளவில் கூடாரத்தின் எடை மட்டுமன்றி, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு சட்டங்கள் மட்டுமானால் ஐந்தாறு கிலோகிராமோடு போகும். கூரை முழுவதையும் மூடும் மேடை போன்ற ராக்கானால் அதுவே 25 கிலோகிராமுக்கு மேல் போய்விடக்கூடும். பக்கவாட்டில் கட்டும் நிழற்பந்தல், மண்வெட்டி, மணலில் சிக்கினால் சக்கரத்தின் கீழே போடும் பலகைகள் எல்லாம் அதே கணக்கில்தான் சேரும். இதற்கும் அப்பால் ராக்குக்கென்று தனியே ஓர் எல்லை உண்டு. வாகனத்தின் எல்லை, ராக்கின் எல்லை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே உங்களுக்குரியது.

இங்கே இன்னொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். இந்த அளவுகள் பெரும்பாலும் தார் ரோட்டை மனத்திற்கொண்டு சொல்லப்படுபவை. மண்பாதையில் வாகனங்களின் ஓட்டத்தால் சிறு சிறு வரிகளாக எழும்பி நிற்கும் மேடுபள்ளங்களை அந்நாட்டார் 'காரகேஷன்' என்பார்கள். அவற்றின்மேல் மணிக்கணக்காக ஓடும்போது கூரைமேலுள்ள பாரம் ஓயாமல் தூக்கித் தூக்கிப் போடப்படுகிறது. ஒரு பள்ளத்தில் வாகனம் மோதி எழும்போது விசை இரு மடங்கானால், 70 கிலோகிராம் கூடாரம் அந்தக் கணத்தில் 140 கிலோகிராமாகவே சட்டங்களை அழுத்துகிறது. ஆதலால்தான் ராக் செய்யும் நிறுவனங்களுள் சில, தார் ரோட்டுக்குக் குறித்த அளவை ஒன்றரையால் வகுத்து வருவதையே மண்பாதைக்குரிய அளவாகக் கொள்ளும்படி எச்சரிக்கின்றன. அந்தக் கணக்கின்படி 75 கிலோகிராம் தாங்கும் ராக், கிப் ரிவர் ரோட்டில் 50 கிலோகிராமே தாங்கும். 70 கிலோகிராம் கூடாரத்தை அதன்மேல் ஏற்றிக்கொண்டு நகரத்தில் சுற்றும்போது ஒன்றும் நேராது. நேர்வது, உதவி கிடைக்க நாள் முழுவதும் ஆகக்கூடிய இடத்தில்தான்.

"அப்படியானால் இரண்டு பேர் ஏறிப் படுக்கும்போது கூரை நொறுங்கிவிடாதா?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. 65 கிலோகிராம் கூடாரமும், இருவரின் உடலெடை 150 கிலோகிராமும், படுக்கைச் சாமான்களும் சேர்ந்தால் 225 கிலோகிராமுக்கு வந்துவிடுகிறது. ஆயினும் நிற்கும் வாகனத்தின் கூரை, ஓடும் வாகனத்தின் கூரையைவிடப் பன்மடங்கு தாங்கவல்லது. வாகனம் உருண்டு கவிழ்ந்தாலும் உள்ளிருப்போர் நசுங்காதபடி கூரைத்தூண்கள் அமைக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பாதுகாப்பு விதி, சுமார் 2,700 கிலோகிராம் வரையிலான வாகனங்களின் கூரை, வாகனத்தின் சொந்த எடையைப்போல் மூன்று மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று நிர்ணயிக்கிறது. ஓடும்போதுள்ள எல்லை குறைவாக இருப்பதற்குக் காரணம் தகரம் வளைந்துவிடும் என்ற பயம் மட்டுமன்று. பிரேக் பிடித்தல், திருப்பத்தில் சாய்தல், எதிர்க்காற்று ஆகியவற்றால் சட்டங்களும் பிடிப்புகளும் அடையும் இழுவையும், வாகனத்தின் நிலைகுலைவுமே முக்கியமான காரணங்கள். வாகன உற்பத்தியாளர் சிலர் நிற்கும்போதுள்ள எல்லையையும் கையேட்டில் தனியாகக் குறிக்கிறார்கள். குறித்திருந்தால் அதைப் பார்த்துக்கொள்வதும், குறிக்காவிட்டால் விற்பனையாளரின் எழுத்துமூலமான பதிலைக் கேட்டு வாங்குவதும் உத்தமம்.

நிலைகுலைவைப் பற்றிச் சொன்னேன். அதையும் ஒரு கணக்காகவே காட்டிவிடுகிறேன். 2,000 கிலோகிராம் எடையும், தரைக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் பாரமையமும் உடைய ஒரு வாகனத்தின்மேல், தரையிலிருந்து 190 சென்டிமீட்டர் உயரத்தில் 70 கிலோகிராமை வைத்தால், பாரமையம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் மேலே ஏறுகிறது. நேர்ப்பாதையில் இதை நீங்கள் உணரமாட்டீர்கள். குறுக்கே கங்காரு பாய்ந்து, ஸ்டியரிங்கைச் சடக்கென்று திருப்பும்போது உணர்வீர்கள். கூடாரத்தோடு ஓட்டுகையில் பொழுது சாய்ந்தபின் வாகனம் ஓட்டாதிருப்பதும், மண்பாதையில் வேகத்தைக் குறைப்பதும் எவ்விதத் தயக்கமுமின்றி மேற்கொள்ள வேண்டிய நியமங்கள். வேகத்தைப் பற்றி எரிபொருளும் அதையே சொல்லும்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடும்போது உள்ள எதிர்ப்பு 110 கிலோமீட்டரில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது.

நிற்க. எடையின் எல்லைக்குள் அடங்கும் கூடாரங்களை மட்டும் முன்னே வைத்துக்கொண்டு, அவற்றின் வடிவத்தைப் பார்ப்போம். மூன்று வடிவங்கள் வழக்கில் உள்ளன. முதலாவது ஆப்பு வடிவம்: ஒரு முனையில் கீல், மறுமுனை மட்டும் உயரும். தென்னாப்பிரிக்காவின் ஆலு காப் கூடாரங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கீல் வாகனத்தின் முன்புறத்தில் இருக்க, பின்புறம் வாய் திறந்தாற்போல எழும்பும். இரண்டாவது, மாஜ்ஜொலினாவைப் போல நான்கு மூலையும் சமமாக உயரும் பெட்டி வடிவம். மூன்றாவது, ஓடு திறந்தபின் தளத்தின் ஒரு பாதி வாகனத்துக்கு வெளியே விரிந்து ஏணியின்மேல் தாங்கி நிற்பது. கொரியாவின் ஐ காம்பர் நிறுவனத்தார் இதைப் பிரபலப்படுத்தினார்கள்.

இவற்றுள் எதை எடுப்பது என்பதைக் காற்றே பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மரங்களற்ற சமவெளியில் நள்ளிரவில் எழும் காற்று, கூரைமேல் படுத்திருப்பவனுக்குத் தரையிலிருப்பவனைவிட அதிகமாகவே தெரியும். நிலத்தை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவாயிருப்பதும், இரண்டு மீட்டர் உயரத்தில் அது கூடுவதும் இயற்கை. ஆப்பு வடிவக் கூடாரத்தின் தாழ்ந்த முனை காற்றை நோக்கியிருக்கும்படி வாகனத்தை நிறுத்தினால், வழியும் நீரைப் போலக் காற்று சரிவின்மேல் ஏறிக் கடந்துவிடும். துணி படபடப்பது குறையும், மழையும் தேங்காது. ஆனால் நடு இரவில் காற்று திசைமாறி, உயர்ந்த முனையை வந்து தாக்கினால் நிலைமை தலைகீழாகும். அப்போது இறங்கி வாகனத்தைத் திருப்பி நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஆதலால் மாலையில் இடம் பிடிக்கும்போதே சுற்றிலும் மரத்துக்கோ வேறு வாகனத்துக்கோ ஒட்டாமல், திரும்புவதற்கு இடம் விட்டு நிறுத்துவது ஆப்பு வடிவக்காரருக்கு வழக்கமாகிவிட வேண்டும். பெட்டி வடிவத்துக்கு இந்தக் கவலை குறைவு. நான்கு புறமும் ஒரே உயரமாதலால் எந்தத் திசைக் காற்றும் அதற்கு ஒன்றே. ஆயினும் உள்ளே உயரம் ஒரு மீட்டரை ஒட்டியே இருப்பதால், உட்கார்ந்து உடை மாற்றுவது நெட்டையானவருக்குச் சிரமம். அதற்கு ஈடாகக் கால்மாட்டிலும் தலைமாட்டிலும் ஒரே அளவு இடம் கிடைக்கிறது. ஆப்பு வடிவத்தில் கால்மாட்டில் ஓடு கால்களுக்கு மிக அருகே வந்து இறங்குவது போலிருக்கும், குறுகிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்கு அது ஆகாது.

விரியும் வடிவம் மூன்று நான்கு பேருக்கு இடம் தரும்; வெளியே நீண்ட தளத்தின் கீழ் நிழலும் மழைக்கு ஒதுக்கும் கிடைக்கும். ஆனால் துணியின் பரப்பு அதிகம், அதனால் காற்றில் எழும் ஓசையும் அதிகம். ஏணியின் அடி மண்ணில் புதையாமல் இருக்க வேண்டியது அத்தியாவசியம். எடையும் 70 கிலோகிராமுக்கு மேலேயே போகிறது. இரண்டு சிறுவர்களோடு செல்லும் குடும்பத்துக்கு, வாகனத்தின் கூரை இடங்கொடுத்தால், இதுவே பொருத்தம். இருவர் மட்டுமே செல்வதானால் எக்காரணத்தாலும் இதை வாங்கவேண்டியதில்லை.

ஓடு எதனால் செய்யப்பட்டது என்பது அடுத்த விஷயம். ஃபைபர் கிளாஸ் உறுதியானது, உடைந்தாலும் படகு பழுதுபார்ப்பவர் எவரும் சரிசெய்து கொடுத்துவிடுவர். எடை சற்று அதிகம். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மலிவு, இலேசு. ஆனால் வெயிலில் பல வருஷம் நின்றால் வெளுத்து நொறுங்கும் சுபாவம் உடையது, ஆகவே வெயிலைத் தாங்கும் மேற்பூச்சு அடுக்கு அதன்மேல் உண்டா என்று கேட்டறிய வேண்டும். அலுமினியம் மெல்லிதாக மூடும், மேலே சூரியத் தகடோ மீன்பிடி தூண்டிலோ ஏற்றிக்கொள்ளப் பக்கங்களில் பள்ளக்கோடுகள் இருக்கும், கிளை உரசினால் நசுங்குமேயன்றி விரிசல் விடாது. அதன் ஒரே குறை, உஷ்ணத்தைக் கடத்துவது. பிளாஸ்டிக்கைவிட அலுமினியம் சுமார் ஆயிரம் மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அங்கே குளிர்காலமாகிய ஜூலை மாதத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தின் சராசரி இரவுக் குளிர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டியது. சில இரவுகள் உறைநிலைக்குக் கீழேயும் போகின்றன. உள்ளே ஃபோம் பலகை ஒட்டாத வெறும் அலுமினிய ஓட்டின்கீழ் அத்தகைய இரவில் படுத்தால், விடியற்காலையில் ஓட்டின் உட்புறமெல்லாம் நீர் கோத்து, முகத்தில் சொட்டும்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் துணியைத் தேர்வது சுலபமாகிவிடும். மழை ஒழுகுவதாக எண்ணி விற்பனையாளரோடு சண்டைக்குப் போகிறவர்கள் பலர். உண்மையில் அது அவர்களுடைய சொந்த மூச்சே. மூச்சாலும் தோல்வழியாகவும் மனிதன் அறியாமலே இழக்கும் நீர், இருவருக்குச் சேர்த்து ஓர் இரவில் அரை லிட்டரை எட்டிவிடும். அது வெளியேற வழியில்லாவிடில், குளிர்ந்த பரப்பு எதுவோ அங்கே போய்ப் படியும். ஆதலின் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்த கனத்த துணி, பிளாஸ்டிக் பூசிய மெல்லிய துணியைக் காட்டிலும் மேலானது. பருத்தி இழை ஈரத்தைச் சிறிது சிறிதாக வெளியே விடும், மழை பட்டால் தானே உப்பி இழைகளுக்கிடையேயுள்ள துளைகளை அடைத்துக்கொள்ளும். சதுர மீட்டருக்கு 280 கிராம் எடையுள்ள துணி போதுமானது. ஆனால் அத்தகைய புதுத்துணியை முதற்பிரயாணத்துக்கு முன்பே வீட்டில் திறந்துவைத்து, நன்றாக நீர் பாய்ச்சி, முழுவதும் உலரவிட்டு, இரண்டு மூன்று முறை இவ்விதம் செய்து பக்குவப்படுத்த வேண்டும். அப்போதுதான் தையல் துளைகள் அடைபடும். எந்தத் துணியாயினும், எதிரெதிர்த் திசைகளில் வலையிட்ட சாளரங்கள் இருப்பதும், மழையிலும் அவற்றைச் சற்றே திறந்துவைக்கும்படி மேலே சிறு இறவாணம் இருப்பதும் இன்றியமையாதவை. வடக்கே கடலோரத்தில் கொசுவைவிடச் சிறிய மணல் ஈக்கள் உண்டு. சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள் அவை புகுந்துவிடும். வலையின் நெசவு நுண்மையானதா என்பதைக் கடையிலேயே கண்ணருகே பிடித்துப் பாருங்கள்.

குளிர் தாங்காமல் கூடாரத்துக்குள்ளே அடுப்பையோ வாயுவில் எரியும் கணப்பையோ ஏற்றிக்கொள்வது எவ்வளவு அபாயமானது என்பதை ஒரு வாக்கியத்திலேனும் சொல்லாமல் இருக்க முடியாது: மூடிய சிறு இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால், மணமும் நிறமும் இல்லாத அது தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். குளிருக்குத் தக்க உறக்கப்பையே அதற்குரிய மருந்து.

மெத்தையைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. கடையில் காலணியைக் கழற்றிவிட்டு ஏறி, ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள்; இடுப்பெலும்பு தளத்தைத் தொட்டால் அது ஆகாது. அகலத்தை மட்டும் விளம்பரத்தைக் கொண்டு நம்பாமல் அளவுநாடாவால் மெத்தையின் மேலேயே அளந்துகொள்ளுங்கள்; அச்சிடப்படும் அளவு பெரும்பாலும் ஓட்டின் வெளி அளவு. இருவருக்கு 130 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நெருக்கம். மெத்தைக்கும் தளத்துக்கும் இடையே காற்றோடும் வலைவிரிப்பு ஒன்று இருப்பது நல்லது, இல்லாவிடில் அங்கும் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

ஏணியை இவ்வளவு சுருக்கமாக விட்டுவிட முடியாது. சிட்னியிலும் மெல்பர்னிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஊரிலிருந்து பேரக்குழந்தையைப் பார்க்க வந்திருக்கும் அம்மாவும் அப்பாவும் பிரயாணத்தில் உடன் வருவது சகஜம். அவர்களை இரவில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதும், நள்ளிரவில் சிறுநீர் கழிக்க இருட்டில் அந்தக் குறுகிய படிகளின்மேல் இறக்குவதும் செய்யத்தகாத காரியங்கள். முழங்கால் வலியுள்ளவருக்கும், தவழும் குழந்தைக்கும், தூக்கத்தில் எழுந்து நடக்கும் வழக்கமுள்ள சிறுவனுக்கும் கூரைக் கூடாரம் உரியதன்று. வயதானவர்களுக்குத் தரையிலோ காரவன் பூங்காக்களின் சிறு அறைகளிலோ இடம் பிடித்து, மற்றவர்கள் கூரையில் படுப்பதுதான் முறை. ஏணியையும் சோதித்துப் பாருங்கள்: வெறுங்காலில் ஏறும்போது பாதத்தை வெட்டாத அகலமான படிகளா, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் வகையானால் மூடுகையில் விரல் அகப்படாமலிருக்க ஏற்பாடு உண்டா, உங்கள் வாகனத்தின் உயரத்துக்கு நீளம் போதுமா என்பவற்றைப் பார்க்க வேண்டும். உயரம் கூட்டப்பட்ட வாகனத்துக்கு ஏணி எட்டாமல் போனால், செங்குத்தாகச் சாத்த நேரும். அது விழுவதற்கு வழி.

வாகனத்தோடு கூடாரத்தைப் பொருத்தும் விஷயத்தில் சில சிறு சங்கதிகள் பெரும் தொந்தரவாக முடிவதுண்டு. பின்கதவைத் திறந்தால் அதன் நுனி கூடாரத்தில் இடிக்குமா, கூரையின் பின்னே சுறாத்துடுப்புப் போல நிற்கும் ஆன்டெனாவுக்கு இடம் இருக்கிறதா என்பவற்றைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கடை வாசலில் வாகனத்தை நிறுத்தி அளந்து பார்க்க வேண்டும். ஆலு காப் போன்ற தட்டையான அலுமினியக் கூடாரங்கள் மூடியபின் 20 சென்டிமீட்டரை ஒட்டிய தடிமனோடு நிற்கும். சில பிளாஸ்டிக் கூடாரங்கள் 30 சென்டிமீட்டருக்கும் மேல் எழும்பும். நகரத்து நிலவறைக் கார் நிறுத்தங்கள் பலவற்றின் உயரம் 2.1 அல்லது 2.2 மீட்டர்தான். வாகனத்தின் மொத்த உயரத்தை அளந்து, அந்த எண்ணை ஸ்டியரிங்கின் அருகே எழுதி ஒட்டிவைப்பது மிகவும் பிரயோஜனமான பழக்கம். கழற்றி மாட்டுவதற்கு நல்ல பலமுள்ள இருவரேனும் வேண்டும் என்பதையும், தினசரி அலுவலகத்துக்கு இதே வாகனத்தில் போகிறவர் கழற்றிய கூடாரத்தை வைக்க இடம் தேட வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது. பிடிப்புகளின் நட்டுகள் புதிதாக முறுக்கியபின் முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறையும், காரகேஷன் உள்ள பாதையில் தினந்தோறும் காலையிலும் சோதிக்கப்பட வேண்டும். பூட்டுள்ள நட்டுகளைப் போட்டுவிட்டு அவற்றின் சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இந்தச் சோதனை நடவாது.

புழுதி அடுத்த சத்துரு. உள்நாட்டுப் பாதைகளில் 'புல்டஸ்ட்' எனப்படும் மாவு போன்ற செம்புழுதி, மனிதன் நினையாத இடுக்குகளிலெல்லாம் நுழையும். ஓட்டின் விளிம்பு முழுவதும் இடைவிடாத ரப்பர்ப் பட்டை இருக்கிறதா, மூலைகளில் அது வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறதா அல்லது தொடர்ந்து வளைந்து செல்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கடற்கரை மணலில் ஓடுவோர், ஊர் திரும்பியதும் கீல்களையும் தாழ்களையும் நல்ல நீரால் கழுவ வேண்டும். உப்பு அவற்றை ஓரிரு பருவங்களில் தின்றுவிடும்.

கூரைமேல் படுத்தால் மிருகபயம் இல்லை என்று விற்பவர்கள் சொல்வதை அளவோடு ஏற்றுக்கொள்ளுங்கள். பாம்பும் எறும்பும் ஈரத்தரையும் தொல்லை தரமாட்டா என்பது உண்மையே. ஆனால் வட ஆஸ்திரேலியாவின் ஆறுகளில் முதலைகள் உண்டு. நீரோரத்திலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளியும், நீர் ஏறும் மட்டத்துக்கு 2 மீட்டர் மேலேயும் தங்க வேண்டுமென்று அரசினர் கூறும் விதி கூரைக் கூடாரத்தாருக்கும் பொருந்தும், ஏனெனில் அவர்களும் கீழே இறங்கித்தான் சமைக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். க்காரி தீவில், 2023 வரை ஃப்ரேஸர் தீவு என்றே அரசாங்க ஏடுகளிலும் வழங்கிய அந்த மணல் தீவில், டிங்கோ நாய்கள் திரிகின்றன. சிறுவர்களோடு வருகிறவர்கள் சென்ட்ரல் ஸ்டேஷன் போன்ற வேலியிட்ட முகாம்களில் தங்குவதே தக்கது. இவற்றைவிட அதிகமாக அஞ்சத்தக்கது மரம். வறண்ட ஆற்றுப்படுகைகளில் குளிர்ந்த நிழல் விரித்து நிற்கும் யூகலிப்டஸ், காற்றே இல்லாத உஷ்ணமான நாளிலும் பருத்த கிளையைத் திடீரென்று முறித்துப் போடும் இயல்புடையது. நிழலுக்கு ஆசைப்பட்டு அதன்கீழ் வாகனத்தை நிறுத்தாதீர்கள்; எந்த ஓடும் அந்தக் கிளையைத் தாங்காது.

கடைசியாக, கடையில் நின்று பார்க்க வேண்டியவை. கூடாரத்தை விற்பனையாளர் திறந்து காட்டினால் போதாது. நீங்களே தனியாக மூடிப் பாருங்கள். திறப்பதைவிட மூடுவதில்தான் கூடாரத்தின் குணம் தெரியும்: துணி தானே உள்ளே மடிகிறதா, ஒவ்வொரு புறமும் ஓடிப்போய்க் கையால் திணிக்க வேண்டியிருக்கிறதா, மூடும் வாரை எட்டிப் பிடிக்க வீட்டில் மிகக் குள்ளமானவருக்கு முடிகிறதா, போர்வையும் தலையணையும் உள்ளே இருக்கும்போதே தாழ் விழுகிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் படுக்கைச் சாமான்கள் உள்ளேயே இருக்கலாம் என்று அச்சிட்டிருந்தாலும், கோடைக்காலத்து மெல்லிய போர்வைக்கு இடம் உண்டு, குளிர்கால உறக்கப்பை இரண்டுக்கு இல்லை என்ற நிலை சாதாரணம். சொந்தப் படுக்கையையே கடைக்கு எடுத்துப் போவதில் வெட்கப்படாதீர்கள். பழைய கூடாரத்தை வாங்குவதானால் முதலில் மூக்கைத்தான் உபயோகிக்க வேண்டும். ஈரத்தோடு மூடிவைக்கப்பட்ட துணியில் பூஞ்சையின் வாடை ஏறிவிட்டால் அது போகாது. தையலோரங்களில் கரும்புள்ளிகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிடுங்கள். நீங்களும் மழையில் மூடிவந்த கூடாரத்தை வீடு சேர்ந்த இரண்டு நாளுக்குள் திறந்து உலர்த்திவிட வேண்டும்.

ஓட்டைத் தூக்கி நிறுத்தும் கேஸ் ஸ்ட்ரட்டுகளையும் கவனியுங்கள். உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தம் குளிரில் குறையும்; 20 டிகிரியிலிருந்து உறைநிலைக்கு இறங்கும்போது நூற்றுக்கு ஏழு பங்கு வலிமை போய்விடுகிறது. வெயில் நாளில் கடையில் தட்டுத்தடுமாறி எழும்பும் ஓடு, ஜூலை மாத விடியலில் மேலே சூரியத் தகட்டையும் சுமந்துகொண்டு எழும்பாது. அதிகச் சுமைக்கான வலிய ஸ்ட்ரட்டுகள் தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். வருஷங்கள் செல்லச் செல்ல வாயு மெல்ல மெல்லக் கசிந்து அவை தளர்வது இயல்பு. ஆகவே கூடாரம் வீடு வந்த அன்றே, ஸ்ட்ரட்டின் உடலில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் எண்ணையும், மூடிய நீளம், விரிந்த நீளம் ஆகிய அளவுகளையும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். செய்த நிறுவனம் அந்த மாதிரியை நிறுத்திவிட்டாலும், அந்த மூன்று எண்களைக் காட்டி உதிரிபாகக் கடையில் அதற்கு ஈடான ஜோடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.